ஷாம்பு, கண்டிஷனர், சீரம்: நீண்ட கூந்தலுக்கு எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது?

இடுப்பைத் தொடும் கூந்தலோடு வருபவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் 70 சென்டிமீட்டர் நீள முடியின் நுனி முளைத்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர் என்றால், அந்த நுனி இதற்குள் சுமார் 500 தடவை நனைந்து, நுரையில் ஊறி, துண்டால் துவட்டப்பட்டிருக்கிறது. சீப்பு பட்ட கணக்கு ஆயிரங்களில் போகும். அதே இழையின் வேர்ப்பக்கமோ போன மாதம் முளைத்தது. இரண்டையும் ஒரே மாதிரி கவனிக்க முடியாது.

தோல் மருத்துவராக என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "எல்லாத்தையும் நிறுத்திட்டா முடி தானா தேறிடுமா டாக்டர்?" என்பது. அலமாரி நிறைய பாட்டில்களை வாங்கிப் பார்த்துச் சலித்தவர்கள் கேட்பது இது. அந்தச் சலிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு பாட்டில்கள் தேவையில்லை என்பதும் உண்மைதான். ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று பார்க்காமல் நிறுத்தினால் நீண்ட முடிதான் முதலில் அடிபடும்.

அப்படி ஒருவர் வந்தார். ஆறு மாதமாக வெறும் தண்ணீரில்தான் தலையை அலசுகிறார். முதல் சில வாரங்கள் முடி கனமாக, பளபளப்பாக இருந்ததாம். அப்புறம் உச்சந்தலையில் அரிப்பு, காதோரம் மஞ்சள் செதில், பின்னலின் கீழ்ப்பாதி முழுக்கச் சிக்கு. உச்சந்தலையில் எல்லோருக்கும் மலசீசியா என்ற ஒரு வகை ஈஸ்ட் இருக்கிறது. அது சருமம் சுரக்கும் எண்ணெயை உண்டு வாழ்வது. பொடுகுத் தன்மை உள்ளவர் அந்த எண்ணெயை வாரக்கணக்கில் தேங்கவிட்டால் அரிப்பும் செதிலும் கூடும். அவருக்கு நடந்தது அதுதான். நுனியில் நடந்தது வேறு விஷயம்.

முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரில்லாத இழை. அதன் மேல் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மேலுறை இருக்கிறது. பொதுவாக ஆறு முதல் பத்து அடுக்கு. அந்தச் செதில்களின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். புது முடி வழுவழுவென்று நழுவுவதும் தண்ணீரை உதறுவதும் அதனால்தான். வெயில், உரசல், ப்ளீச் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் அந்தப் படலத்தை அரித்துவிடும். போனது திரும்ப வராது, ஏனென்றால் அதைத் திரும்பச் செய்ய அங்கே உயிருள்ள செல் ஏதும் இல்லை. உச்சந்தலை சுரக்கும் எண்ணெயும் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. ஆகவே நீண்ட முடியின் கடைசி ஒரு சாண் பாதுகாப்பே இல்லாமல் நிற்கிறது.

கண்டிஷனரின் வேலை இந்த இடத்தில்தான். தேய்ந்த முடியில் எதிர்மின்னேற்றம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்றப் பொருட்கள் தேய்ந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு, இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளும். அது முடிக்கு ஊட்டச்சத்து தருவதில்லை, நுனிப் பிளவை ஒட்டவைப்பதும் இல்லை. சீப்பு இழுக்கும்போது முடி அறுந்து போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். தோள் வரை முடி உள்ளவர் இதை விட்டுவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். நீண்ட முடிக்காரர் ஒருவர் ஒரே ஒரு பொருளைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஷாம்புக்கு அடுத்து நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, எங்கே குறைக்கலாம்? உச்சந்தலையில். இந்த இடத்தில் நான் பிடிவாதக்காரி. தலையில் படும் பெரும்பாலான பொருட்களில் வாசனைச் சேர்மமும் கெடாமல் காக்கும் ரசாயனமும் இருக்கும். கெடாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதையசோலினோன் போன்றவை ஒவ்வாமைக்குப் பேர்போனவை. முடிச் சாயமான டையில் உள்ள, நிறம் தரும் பிபிடி என்ற ரசாயனமும் அப்படித்தான். இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. உச்சந்தலைத் தோல் தடிப்பானது. ஒவ்வாமை பெரும்பாலும் அங்கே தெரியாமல் கண் இமையிலும் காது மடலுக்குப் பின்னாலும் கழுத்திலும் தெரியும். இமை வீங்கி, கண்மையை மாற்றி, முகக் கிரீமை மாற்றி, கடைசியில் என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் தலையிலிருந்து வழிந்த பொருளாக இருக்கும். நெற்றி ஓரத்தில் மட்டும் சிறு சிறு பருக்கள் வந்தாலும் முடியில் தடவும் பிசுபிசுப்பான பொருட்களைச் சந்தேகியுங்கள். டிரை ஷாம்பு எண்ணெயை உறிஞ்சுமே தவிர தலையைச் சுத்தம் செய்யாது. அவசரத்துக்குச் சரி, குளியலுக்குப் பதிலாக வேண்டாம்.

தயங்காமல் நிறுத்தச் சொல்பவை ப்ளீச், அடிக்கடி செய்யும் ரசாயன ஸ்ட்ரெயிட்டனிங், ஈர முடியில் வைக்கும் சூட்டுக் கருவி. ஈர முடியில் சூடான கருவியை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி இழைக்குள் குமிழ் குமிழாக ஓட்டை போட்டுவிடும். அந்த இடத்தில் முடி முறியும். ட்ரையர் வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். சில ஸ்ட்ரெயிட்டனிங் கலவைகள் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த கிரீமைப் பயன்படுத்திய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2024-ல் மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்ற ஒரு வரியை நம்பி உட்காராதீர்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு "இயற்கைக்கு" மாறுகிறவர்களில் சிலர் சமையல் சோடாவால் தலை அலசுகிறார்கள். அது காரத்தன்மை உள்ளது. காரம் பட்டால் முடி உப்பும், செதில்கள் தூக்கிக்கொள்ளும், உரசல் கூடும். மிதமான ஒரு ஷாம்பு அதைவிட எவ்வளவோ மேல். சீரத்திலும் கண்டிஷனரிலும் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் சிலிகான் முடியை மூச்சுத் திணற வைக்கும் என்ற பயமும் வேண்டாம். முடி மூச்சு விடுவதில்லை. சிலருக்கு அது படிந்து முடி கனத்துப்போகும், உண்மைதான். அப்போது நன்றாக அலசும் ஷாம்பு ஒருமுறை போட்டால் போகும்.

எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே, ஏனென்றால் அது இழைக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. குளிப்பதற்கு முன்பு முடியின் நீளத்திலும் நுனியிலும் தடவினால் போதும். பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் தேய்க்காதீர்கள். அந்த ஈஸ்டுக்கு அது தீனி.

ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். வழியும் நுரையே கீழ்முடிக்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே. ஈர முடி இழுத்தால் நீளும், சுலபமாக அறுந்தும் போகும். ஆகவே முறுக்கிப் பிழியாமல், துண்டால் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுங்கள். இதற்குமேல் நீங்கள் வாங்கும் எதுவும் உங்கள் விருப்பம், முடியின் தேவையில்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விழுந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. காய்ச்சல், பிரசவம் போன்றவை நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகவும் உதிரலாம். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். இதற்குப் பாட்டிலைக் கூட்டுவதோ குறைப்பதோ பதில் ஆகாது, மருத்துவரைப் பாருங்கள். குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் முடி நடுவில் முறிகிறது. அதை உங்கள் குளியலறையிலேயே சரிசெய்யலாம்.

வெறும் தண்ணீரில் அலசியவருக்குப் பொடுகு ஷாம்பும் ஒரு சாதாரண கண்டிஷனரும் எழுதிக்கொடுத்தேன். அரிப்பு ஒரு மாதத்தில் அடங்கியது. நுனியில் நான்கு விரற்கடை வெட்டவேண்டி வந்தது. அதற்கு மட்டும் அவர் கண் கலங்கினார்.