ஹெல்தி பர்கரின் எண்ணெய்க் கணக்கு

பெரம்பூர் பக்கம் கொஞ்சம் விலை ஜாஸ்தியான பர்கர் கடைக்குள் போனால் சுவர் முழுக்க வாக்குறுதிதான். எண்ணெயில் பொரிக்கவில்லை, கிரில் செய்தது. மல்டிகிரெய்ன் பன். ஐஸில் வைக்காத கறி. ஒரு பர்கருக்குக் கொடுக்கிற காசில் வியாசர்பாடியில் ரெண்டு பேர் வயிறு முட்ட பீஃப் பிரியாணி சாப்பிட்டுவிடலாம், அதனால் இதில் எது நிஜம் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. என்னைக் கேட்டால் சுவரில் எழுதியிருப்பது பெரும்பாலும் நிஜம்தான், எழுதாமல் விட்டதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்த 'பொரிக்கவில்லை'. இது சும்மா விளம்பரம் இல்லை. மாவில் தோய்த்த சிக்கனையோ உருளைக்கிழங்கையோ 180 டிகிரி எண்ணெயில் போட்டதும் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பீறிடும், சட்டியில் நாம் பார்க்கிற நுரை அதுதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிற வரைக்கும் எண்ணெயால் அவ்வளவாக உள்ளே நுழைய முடியாது. பெரும்பாலான எண்ணெய் உள்ளே போவது சட்டியிலிருந்து எடுத்த பிறகு! மேல்தோல் ஆற ஆற, நுண்ணிய துளைகளில் நின்றிருந்த ஆவி மறுபடி தண்ணீராகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டிக்கொண்டிருந்த எண்ணெய் அப்படியே உள்ளே இழுக்கப்படுகிறது. ராயபுரத்தில் நல்ல பஜ்ஜி மாஸ்டர் யாராவது வேலை செய்வதைக் கவனியுங்கள், பஜ்ஜியை அள்ளியதும் ஜல்லிக்கரண்டியைச் சட்டியின் ஓரத்தில் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் தட்டில் கொட்டுவார். அந்த நாலு தட்டில் வடிகிற எண்ணெய் நம் வயிற்றுக்குப் போகாது. ஆறிப்போன பஜ்ஜியை நாம் பேப்பரில் வைத்து அமுக்குவதெல்லாம் ரொம்ப லேட்.

பச்சை உருளைக்கிழங்கில் கொழுப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதையே ஃப்ரைஸ் ஆக்கினால் எடையில் சுமார் 15 சதவீதம் கொழுப்பு, மெல்லிய சிப்ஸாகச் சீவிப் பொரித்தால் மூன்றில் ஒரு பங்கு. மெல்லிசாக ஆக ஆக, அதே எடைக்கு எண்ணெய் ஒட்டுகிற மேற்பரப்பு கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் காரணம்.

கிரில்லில் இந்தச் சிக்கல் இல்லை, கறியின் சொந்தக் கொழுப்பிலேயே கொஞ்சம் உருகிக் கீழே சொட்டிவிடும். பழுப்பு நிறமும் அந்த வாசனையும் எண்ணெயால் வருவதில்லை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது மணப்பொருட்களை உண்டாக்குகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மேயார் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே மேயார் வினை என்கிறார்கள். சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் இது வேகம் பிடிக்கும், மேற்பரப்பு ஈரமாக இருக்கிற வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால்தான் ஈரக் கறியைக் கல்லில் போட்டால் வெளுத்து வேகிறதே தவிர சிவப்பதில்லை. அதற்காகக் கருகின ஓரத்தை ருசி என்று தின்ன வேண்டாம், சொட்டுகிற கொழுப்பு நெருப்பில் விழுந்து கிளம்பும் புகையில் நல்லதில்லாத ரசாயனங்களும் கறியில் வந்து படிகின்றன.

ஐஸில் வைக்காத கறி ருசிக்கு நல்லது, உடம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கொத்துக்கறியில் முன்னாடியே உப்பைப் போட்டுப் பிசைந்துவிட்டால் மயோசின் என்ற புரதம் கரைந்து பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், பன்னுக்குள் வைக்கிற கறி வட்டை, அதாவது பேட்டி, ரப்பர் பந்தாகிவிடும். நல்ல கடைகளில் உப்பைக் கல்லில் போடுவதற்குக் கொஞ்சம் முன்தான் மேலே தூவுவார்கள். இங்கே காசுக்கேற்ற வேலை நடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சாஸ். தோல் நீக்கிய சிக்கன் நெஞ்சுக்கறியை எண்ணெய் இல்லாமல் சுட்டால் 100 கிராமுக்கு சுமார் 165 கலோரி, அதில் புரதம் மட்டும் 30 கிராம் வரும். அதன் மேல் ரெண்டு டேபிள்ஸ்பூன் கிளாசிக் மேயோனைஸ் போட்டால் 180, 200 கலோரி. கறியைவிட சாஸ் கனம்! மேயோ என்பது தண்ணீருக்குள் பொடித்துளிகளாக அடைத்து வைத்த எண்ணெய், எடையில் 70 சதவீதத்துக்கு மேல் எண்ணெய்தான், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் பிரித்து வைக்கிறது. வெள்ளையாக, லேசாக இருப்பதால் எண்ணெய் என்றே தோன்றாது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மேயோவுக்கு ஓராண்டு தடை போட்டதே, அது சால்மோனெல்லா மாதிரி கிருமிகளுக்காக. முட்டையில்லாத மேயோ என்றால் எண்ணெயும் இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதில் மஞ்சள்கருவின் வேலையைப் பால் புரதமோ சோயா புரதமோ ஸ்டார்ச்சோ செய்கிறது. எண்ணெய் ரகத்துக்கு ரகம் கூடும் குறையும், இல்லாமல் போகாது.

பன் விஷயம் சின்னது. பழுப்பு நிறம் மால்ட்டிலிருந்தோ காராமெலிலிருந்தோகூட வரலாம், மேலே தூவின எள்ளும் ஓட்ஸும் அலங்காரம். முழுத் தானியமே என்றாலும் நைசாக அரைத்துவிட்டால் நொதிகளுக்கு வேலை சுலபம், சர்க்கரை சீக்கிரமே ரத்தத்துக்கு வந்துவிடும். பிரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எடை அதிகமான பொருள்தான் முதலில் அச்சாகியிருக்கும். அங்கே மைதா இருந்தால் முடிந்தது கதை.

இதைவிடப் பெரிய வேலை நம் தலைக்குள் நடக்கிறது. கடையே ஹெல்தி என்று மனசில் பதிந்துவிட்டால் நாம் கலோரியைக் குறைத்துக் கணக்குப் போடுகிறோம், மிச்சம் பிடித்துவிட்ட தெம்பில் ஃப்ரைஸும் ஷேக்கும் சேர்த்து வாங்குகிறோம். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கே 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஃப்ரெஷ் ஜூஸின் சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வேகமும் ஒரு காரணம். குடலிலிருந்து 'போதும்' என்கிற ஹார்மோன் சேதி மூளைக்கு எட்ட 15, 20 நிமிஷம் பிடிக்கும், மெத்தென்ற பர்கர் அதற்குள் காலி. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, ரெண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் ரெண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம், இஷ்டம்போல சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகப் போனது, சாப்பிட்ட வேகமும் கூடுதல்.

சங்கிலிக் கடைகள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்பது இப்போது சட்டம், 10 கிளையோ அதற்கு மேலோ இருந்தால் போட்டே ஆகணும். பர்கருக்கு நேரே இருக்கிற கலோரி அளவை மட்டும் பார்க்காதீர்கள், கோம்போவில் என்னென்ன வருகிறதோ அத்தனையையும் கூட்டுங்கள். கவுண்டரில் "தம்பி, மேயோ உள்ளே வேணாம், தனியா கப்பில குடுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குப் பாதி கப்பிலேயே மிஞ்சுகிறது.