சென்னையில் வெட்டுப்பட்டு ஊர் திரும்பியவர்களுக்கு: எஃப்.ஐ.ஆர்., இழப்பீடு, அலைச்சல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சென்னைக்கு ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு ஒரு மணிக்கு அறைக்கு நடந்து போகும்போது பைக்கில் இரண்டு பேர் வந்து மறித்து, கத்தியைக் காட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பறிகொடுத்தவனுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. எந்த ஸ்டேஷன் எல்லை என்றும் தெரியாது. காலையில் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுகிறான். அத்தோடு அந்த வழக்கே செத்துப்போகிறது. அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து அக்கா ஒருவரின் மகனுக்கு நடந்தது இது. கத்தியை வலது கையால் தடுத்திருக்கிறான், உள்ளங்கையில் குறுக்கே நரம்பு அறுந்துவிட்டது. இன்றைக்கும் நடுவிரலும் மோதிர விரலும் முழுதாக மடங்குவதில்லை, கயிற்றைப் பிடித்தால் நழுவுகிறது. அக்கா ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் எல்லாக் காகிதங்களையும் கொண்டுவந்தார்கள். அதில் நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. பால்பாயிண்ட் கிறுக்கலை எழுத்துக் கூட்டிப் படித்தால், உடைந்த பாட்டில் கிழித்துக் காயம் என்று இருக்கிறது. கத்தி என்ற வார்த்தையே அதில் இல்லை. கூட்டிப்போன ஓட்டல் மேற்பார்வையாளர், போலீஸ் கேஸ் ஆனால் கடைக்குத் தொந்தரவு என்று அப்படிச் சொல்லியிருக்கிறார். வலியில் இருந்த பையன் தலையாட்டியிருக்கிறான்.

முதல் பொறி இதுதான். அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனால் ஏ.ஆர்., அதாவது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், என்று ஒரு பதிவு போடுவார்கள். அடிபட்டவரோ கூட வந்தவரோ என்ன சொல்கிறார்களோ அதைத்தான் டாக்டர் எழுதுவார். "இன்ன நேரம், இன்ன தெருவில், அடையாளம் தெரியாத இரண்டு பேர் கத்தியால் வெட்டினார்கள்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், கூட வந்தவரைப் பேச விடாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. வழுக்கி விழுந்தான், பாட்டில் கிழித்தது என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், அதற்கப்புறம் ஸ்டேஷன், கோர்ட்டு, இழப்பீட்டு அலுவலகம் என்று எங்கே போனாலும் அந்த ஒற்றை வரியைத்தான் நீட்டிக் காட்டுவார்கள். ஏற்கெனவே அப்படிப் பதிவாகியிருந்தால், அதைச் சொன்னது யார், ஏன் சொன்னார் என்பதைப் புகார் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது புகார். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுச் சட்டம் வந்துவிட்டது. அதன் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். சென்னையில் வெட்டுப்பட்டவன் பாம்பனிலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ புகார் கொடுக்கலாம், இவர்கள் பதிவு செய்து அங்கே அனுப்ப வேண்டும். ஆனால் நீங்கள் போய் நின்றால் காதில் விழும் முதல் வாக்கியம், "சம்பவம் நடந்த இடத்துல போய்க் குடு" என்பதாகத்தான் இருக்கும். பல நூறு கிலோமீட்டர் திரும்பிப் போகச் சொல்கிறார்கள், கையில் தையலோடு. போக வேண்டியதில்லை. 173-ஆவது பிரிவின்படி இங்கேயே பதிவு செய்யுங்கள் என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிக் கொடுங்கள். சம்பவம் நடந்து நாலைந்து நாள் ஆகியிருந்தால், ஏன் தாமதம் என்பதையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஊருக்கு வர வேண்டியிருந்தது என்றால் அதுவே போதுமான காரணம்.

புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். நம் ஆட்கள் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். அக்காவின் பையிலும் அதுதான் இருந்தது, பாலிதீன் உறை போட்டு. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்க முடியாது, புலன்விசாரணையும் தொடங்காது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எண், தேதி, பிரிவுகள் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரிவுகளைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்தது ஒரே சம்பவம்தான், ஆனால் அதை எழுதும் விதத்தில் படிப்படியாகக் கீழே இறக்கிவிடலாம். கத்தியால் காயப்படுத்திப் பிடுங்கினால் அது கொள்ளை, பி.என்.எஸ். என்கிற புதுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரை தண்டனை உண்டு. கத்தியையும் காயத்தையும் விட்டுவிட்டு எழுதினால் வெறும் பறிப்பு, அதே சட்டத்தின் 304, அதிகபட்சம் மூன்று ஆண்டு. இன்னும் இறக்கினால் சாதாரணத் திருட்டு. திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்று போட்டால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாத குற்றமாக அது மாறிவிடும். பழைய போன்தானே, நாலாயிரம் என்று போட்டுக்கலாமா என்று கேட்பது இதனால்தான். வெறும் கையால் அடித்ததாக எழுதினாலும் இதே கதைதான். எல்லாவற்றுக்கும் கடைசிப் படி, "தொலைஞ்சுபோச்சுனு எழுதிக் குடு, உடனே ரசீது தர்றோம், புது சிம் வாங்கிக்கலாம்." சிம் கிடைக்கும், ஆனால் வெட்டியவன் மேல் வழக்கே இருக்காது. பிடுங்கியதைத் தொலைந்தது என்று ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பதிவு செய்ய மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். மனுவின் நகலை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. நம் மக்கள் இதை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மனு ஒரு நம்பர் வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் வந்து சேருகிறது, மாதம்தான் போகிறது.

ஜீரோ எஃப்.ஐ.ஆர். சென்னைக்குப் போனதும் அங்கே வேறு எண் போடுவார்கள். அந்த எண்ணை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் துரத்த வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலைத் தேடி எடுக்கலாம். கிடைக்காவிட்டால் இங்கே பதிவு செய்த நிலையத்தில் எந்தத் தேதியில், எந்த நிலையத்துக்கு அனுப்பினார்கள் என்று எழுதி வாங்குங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை, பி.என்.எஸ்.எஸ். 193-ஆவது பிரிவு. அந்த 90-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இப்போது இழப்பீட்டுக்கு வருவோம். "ஆளே சிக்கலையேம்மா, யாரு மேல கேட்டு வாங்குவ?" என்று அக்காவிடம் ஒரு அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே அனுப்பிவிட்டார். பி.என்.எஸ்.எஸ். 396-ஆவது பிரிவு, குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மாநில அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. பணம் அரசு நிதியிலிருந்து வருகிறது, வெட்டியவன் பையிலிருந்து வருவதில்லை. விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்தை ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்தில் விசாரியுங்கள். சென்னையில் நடந்தது, அங்கே போ என்று இங்கே சொல்லி, அங்கே போனால் உங்கள் ஊர் இங்கே இல்லையே என்பார்களானால், இரண்டு பக்கமும் அலையாமல் மாநில ஆணைக்குழுவுக்கே, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, நேராகத் தபாலில் அனுப்புங்கள். பிரிவே மாநிலம் அல்லது மாவட்டம் என்றுதான் சொல்கிறது.

பறிபோன செயினுக்கும் போனுக்கும் விலை கொடுக்கும் திட்டம் என்று நம்பிப் போகாதீர்கள். உடம்புக்கு நேர்ந்தது, அதனால் பிழைப்பு போனது, இவைதான் கணக்கு. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் "காயம் ஆறியது" என்று மட்டும் இருந்தால் பலன் குறைவு. விரல் எவ்வளவு மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அரசு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நிரந்தர ஊனம் என்றால் சதவீதத்தோடு சான்று வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். நகல், மருந்துச் சீட்டுகள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வரவே வராதீர்கள். வங்கிக் கணக்கில் இரண்டு வருடமாகப் பரிவர்த்தனை இல்லாவிட்டால் அது முடங்கியிருக்கும், உத்தரவு வந்த பிறகு அதற்காக இன்னொரு அலைச்சல். முன்னாலேயே உயிர்ப்பித்து வையுங்கள். மனு கொடுக்கத் தள்ளிப்போடவும் கூடாது, மாதக்கணக்கில் கழித்துப் போனால் ஏன் இவ்வளவு நாள் என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

வருகிற பணத்தில் பங்கு கேட்டு ஆட்கள் வருவார்கள், கோர்ட்டு வாசலிலேயே. தேவையில்லை. 15100-க்கு போன் போட்டால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது.

சிகிச்சைச் செலவில் ஒரு குழப்பம் இருக்கிறது. "நம்மைக் காக்கும் 48" என்கிற அரசுத் திட்டம் சாலை விபத்துக்கானது, வெட்டுக்காயத்துக்கு அதைக் காட்ட முடியாது. தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்கிற 397-ஆவது பிரிவு பாலியல் வன்கொடுமைக்கும் ஆசிட் வீச்சுக்கும்தான். மற்றவர்களுக்கு 396-இலேயே ஒரு வழி உண்டு: நிலையப் பொறுப்பு அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் சான்று கொடுத்தால், இலவச மருத்துவத்துக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் ஆணைக்குழு உத்தரவிடலாம். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், இதைத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக, விசாரணைக்கு வா என்று சென்னையிலிருந்து போன் வரும். 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், பெண்களையும், உடல் ஊனமுற்றவர்களையும், கடும் நோயாளிகளையும் வீட்டை விட்டு வேறு இடத்துக்குச் சாட்சியாக வரச் சொல்லக் கூடாது, பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு. மற்றவர்கள் எழுத்தில் அழைப்பு கேளுங்கள். அக்காவின் மகன் போனில் கூப்பிட்டதை நம்பி இரண்டு முறை போனான், இரண்டு முறையும் ஐயா பந்தோபஸ்து டூட்டி என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை எழுத்தில் கேட்டான். வாட்ஸாப்பில் தேதி, நேரம் போட்டு அனுப்பினார்கள், போன அன்றே வாக்குமூலம் முடிந்தது. பஸ் டிக்கெட்டுகளை அதே ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறான்.