தெரியாத எண்ணைத் தேடும் முன் சமக்குறியைக் கவனியுங்கள்

நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளையிடம் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்:

8 + 4 = ☐ + 5

பெரும்பாலும் பெட்டிக்குள் 12 வந்து உட்காரும். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதுவார்கள். சரியான விடையான 7-ஐ எழுதும் பிள்ளை அபூர்வம் (இடது பக்கம் 8 + 4 = 12; வலது பக்கமும் 12 ஆக வேண்டும், 7 + 5). கணக்கு வராத பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேருக்கு இதே கணக்கைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர்கூட 7 எழுதவில்லை.

கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. “எக்ஸ் வந்ததிலிருந்து இவனுக்குக் கணக்கே பிடிபடவில்லை” என்று சொல்லித்தான் பல பெற்றோர் அழைத்து வருகிறார்கள். நான் எக்ஸைத் தொடுவதே இல்லை. முதலில் மேலே உள்ள பெட்டிக் கணக்கைத்தான் நீட்டுகிறேன். எக்ஸின் மேல் பழி போட்டாலும் சிக்கல் அனேகமாகச் சமக்குறியில்தான் இருக்கிறது.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளை பார்ப்பது 3 + 5 = என்ற ஒரே வடிவத்தைத்தான். இடது பக்கம் வேலை, வலது பக்கம் விடை. கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வருகிறது. ஆக, சமக்குறி என்பது ‘விடையை எழுது’ என்னும் கட்டளையாகவே பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று ஒரே வரியில் ஓட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். கடைசி விடை சரியாக இருப்பதால் பல நேரங்களில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. 5 + 3 எப்படி 12-க்குச் சமமாகும் என்று யாரும் கேட்பதில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 7 = 3 + 4, 9 = 9, 6 + 2 = 5 + 3, 4 + 5 = 9 + 1 என்று எழுதி, எது சரி, எது தவறு என்று கேட்டால் போதும். விவாதம் தானாகக் கிளம்பும். 7 = 3 + 4 என்பதைப் பார்த்து “தலைகீழாக எழுதிவிட்டீர்கள் டீச்சர்” என்பார்கள். 9 = 9 என்பதை “இது கணக்கே இல்லையே” என்று ஒதுக்குவார்கள். அந்த மறுப்புதான் நமக்கு வேண்டியது. எங்கே தட்டுகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சமக்குறியை 1557-இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பதே அவர் சொன்ன காரணம். இதைச் சொல்லி, அவர் அச்சிட்டது போலவே நீளமான கோடுகளாக வரைந்து காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

அடுத்தது, வீடுகளிலும் வகுப்புகளிலும் மந்திரம் போலச் சொல்லப்படும் வாக்கியம்: “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.” எனக்கு இதன் மேல் தீராத கோபம் உண்டு. பாடநூலில் எக்ஸ் வரும் இடத்தில் இங்கே ப என்று வைத்துக்கொள்வோம். ப + 3 = 12 என்றால், 3 அந்தப் பக்கம் போய் −3 ஆகிறது; ப = 9. சரி. அதே பிள்ளையிடம் 3ப = 12 என்று கொடுங்கள். 3 மறுபடியும் அந்தப் பக்கம் போகிறது. 12 − 3, மறுபடியும் 9! பிள்ளை விதியை மீறவே இல்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் அப்படியே செய்திருக்கிறது. 3 ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும், அதை யார் அனுப்பியது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

எதுவும் எங்கும் போவதில்லை. தராசின் இரு தட்டிலும் ஒரே அளவை எடுத்தால் முள் அசையாமல் நிற்பதைப் போல, இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம், அவ்வளவுதான். ப + 3 = 12-இல் இருபுறமும் 3-ஐக் கழிக்கிறோம்; 3ப = 12-இல் இருபுறமும் 3-ஆல் வகுக்கிறோம். (தராசை அளவுக்கு மேல் இழுக்கவும் கூடாது. ப − 5 என்பதைத் தட்டில் வைத்துக் காட்ட முடியாது.) குறுக்குவழியைப் பிள்ளையே ஒருநாள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். அதுவரை இருபுறமும் செய்ததை ஒரு வரி கூடுதலாக எழுதட்டும்.

3ப = 12-க்கு 9 என்று எழுதிய ஒரு பையனிடம் நான் தவறு என்று சொல்லவில்லை. “ப இருக்கும் இடத்தில் 9-ஐ வைத்துப் பார்” என்றேன். மூன்று ஒன்பது இருபத்தேழு என்று முணுமுணுத்தான். 12-ஐப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் ரப்பரை எடுத்துவிட்டான். கணக்குப் பாடத்தில் இப்படி ஒரு வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது: புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டாமல், யாரிடமும் கேட்காமல், தன் விடை சரியா என்று பிள்ளையே சொல்லிவிடலாம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோர் கேட்க வேண்டியதும் இது ஒன்றைத்தான்: “திரும்ப வைத்துப் பார்த்தாயா?”

வாசகக் கணக்குகளில் வேறொரு பொறி இருக்கிறது. ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். “அனுவிடம் சில பென்சில்கள் இருந்தன. தம்பிக்கு 5 கொடுத்தாள். மீதி 8. முதலில் எத்தனை இருந்தன?” மீதியைக் கண்டதும் 8 − 5 = 3 என்று வந்துவிடும். ஐந்து பென்சில் கொடுத்தவளிடம் முதலில் மூன்றுதான் இருந்ததாம்! தொடக்கம் தெரியாத இந்த வகைதான் சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். உடனே விடைக்குப் பாய விடாமல், கதை நடந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள்: ☐ − 5 = 8. எழுதுவது ஒரு வேலை, கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துக் கேட்பதால்தான் பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக: 3ப என்றால் மூன்று பழம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ப என்பது பழம் அல்ல, ஓர் எண். “நேற்று எக்ஸ் 5 என்றீர்கள், இன்று 7 என்கிறீர்கள், எது சரி?” என்று கேட்கும் பிள்ளை நல்ல கேள்விதான் கேட்கிறது. அந்தந்தக் கணக்கில் அந்தந்த எண் என்று நேராகச் சொல்லிவிடலாம். எழுத்தைப் பொருளின் சுருக்கப் பெயராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வளர்ந்த பிறகும் விடுவதில்லை. பேராசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, பொறியியல் மாணவர்களில் பலரே மா = 6பே என்பதற்குப் பதில் 6மா = பே என்று 6-ஐத் தவறான பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் (மா மாணவர்களின் எண்ணிக்கை, பே பேராசிரியர்களின் எண்ணிக்கை).

2ப + 6 = 20 போன்ற கணக்குகளுக்குப் பின்னோக்கிப் போனாலே போதும்: 20-இலிருந்து 6-ஐக் கழி, 2-ஆல் வகு, 7. கூட்டியதைக் கழி, பெருக்கியதை வகு என்ற இந்த வழியை ஆரியபட்டர் கி.பி. 499-லேயே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளும் யாரும் சொல்லித்தராமலேயே பல நேரம் இப்படித்தான் போடுகிறார்கள், தடுக்க வேண்டாம். ஆனால் 7ப = 3ப + 20 வந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும். தெரியாத எண் இரண்டு பக்கமும் இருக்கும்போது எங்கிருந்து பின்னோக்கிப் போவது? குறி மாற்றும் மந்திரத்தை அரைகுறையாகப் பிடித்திருக்கும் பிள்ளை 10ப = 20 என்று எழுதி, ப = 2 என்று முடித்துவிடும். வைத்துப் பார்த்தால் இடதில் 14, வலதில் 26. இருபுறமும் 3ப-வைக் கழிக்கலாம் என்று தெரிந்த பிள்ளை 4ப = 20-க்கு வந்து 5 என்று சொல்லும். 8 + 4 = ☐ + 5 வடிவக் கணக்குகள் தடங்கலில்லாமல் வரும்வரை இந்த வகைக்குள் போக வேண்டாம் என்பதே பெற்றோரிடம் நான் சொல்வது. பாடத்திட்டம் முந்திக்கொண்டு போனாலும், வீட்டில் பெட்டிக் கணக்கை இன்னும் சில வாரம் தொடருங்கள்.