விடுதி அறையும் அந்தரங்க உரிமையும்: இராமநாதபுரம் கரையோரத்தில் தங்குவோருக்கு ஒரு சட்ட விளக்கம்

வயது வந்த இருவர், கணவன் மனைவியாக இல்லாவிட்டாலும், விடுதியில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. கோயில் ஊர் என்பதால் இராமேசுவரத்துக்கு மட்டும் தனிச் சட்டம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள்; விடுதி மேலாளர்கள் சிலரும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. கோயம்புத்தூரில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கியிருந்ததையும், இன்னோர் அறையில் மதுப் புட்டிகள் இருந்ததையும் காரணம் காட்டி ஒரு விடுதியை மாவட்ட நிர்வாகம் பூட்டி முத்திரையிட்ட வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை என்னும்போது, விடுதியில் சேர்ந்து தங்குவது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும் தீர்ப்பு அது.

ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதும் விடுதி அறை தந்தே தீர வேண்டும் என்பதும் ஒன்றல்ல. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி விடுதியில் நுழையவிடாமல் தடுப்பதை அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விலக்குகிறது. திருமணமாகாதவர் என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ‘குடும்பத்துடன் வருவோருக்கு மட்டும்’ என்று பலகை வைப்பவரையும், உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டையை ஏற்க மறுப்பவரையும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. இராமேசுவரத்தில் மடங்களும் சமுதாயச் சத்திரங்களும் தங்களுக்கென்று விதி வைத்திருப்பவை என்பதால் திருமணமாகாத இணையர் அங்கே அறை கேட்காமலிருப்பதே நல்லது. பெரிய முன்பதிவு நிறுவனங்களும் விதியை மாற்றிக்கொள்வதுண்டு: ஓயோ நிறுவனம் 2025 ஜனவரியில் மீரட் நகரில் இணையரிடம் உறவுக்கான சான்று கேட்கும் விதியைக் கொண்டுவந்து, திருமணமாகாதவருக்கு அறை மறுக்கும் அதிகாரத்தைத் தன் விடுதிகளுக்கு அளித்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, இருவர் தங்குவதையும் இருவரின் முகவரி எந்த ஊர் என்பதையும் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். பணத்தைப் பெற்று முன்பதிவை உறுதி செய்துவிட்டு, முன்பே சொல்லாத காரணத்தைக் காட்டி வாசலில் திருப்பி அனுப்பினால், அது நுகர்வோர் குறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இந்தக் கரையில் மறைவு ஏன் தேவைப்படுகிறது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஏறியவரைப் பாம்பனில் இறங்குவதற்குள் யாராவது அடையாளம் கண்டு, யார் வீட்டுப் பிள்ளை என்பதுவரை சொல்லிவிடுவார்கள். வேறு சாதியிலோ மதத்திலோ மணம் பேசிக்கொள்ளும் இருவருக்கும், கணவரை இழந்தபின் ஒருவரோடு பழகத் தொடங்கிய பெண்ணுக்கும் இது வெறும் கூச்சம் சார்ந்த விஷயமல்ல. ஆனால் மறைவு வேண்டும் என்பதற்காகப் பொய்ப் பெயர் கொடுப்பதும், மற்றவருடைய ஆதார் அட்டையை நீட்டுவதும், ஒருவர் பெயரில் அறை எடுத்துவிட்டு இன்னொருவரைப் பின்வழியாக அழைத்துவருவதும்தான் குற்றமில்லாத ஒரு சந்திப்பைச் சந்தேகத்துக்கு உரியதாக மாற்றுகின்றன. இன்னொருவராக நடித்து ஏமாற்றுவதும் போலி ஆவணத்தைப் பயன்படுத்துவதும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தண்டனைக்குரியவை. இருவரும் தத்தம் உண்மையான பெயரையும் அடையாள அட்டையையும் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு அப்பால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. அழைத்துவந்த ஆட்டோக்காரரும் அந்த ‘யாருக்கும்’ என்பதில் அடக்கம். விடுதி வாசல்வரை போகாமல் ஒரு தெரு முன்னரே இறங்கிக்கொள்வதில் தவறில்லை.

வரவேற்பு மேசையில் விருந்தினர் விவரம் எழுதும் பதிவேட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சிறு விடுதிகளில் அது இன்னமும் நீளமான கட்டு நோட்டுதான்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், எங்கே செல்கிறார், உடன் வந்தோர் எத்தனை பேர், வந்த நோக்கம், கைபேசி எண், கையொப்பம். நோக்கம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘சாமி தரிசனம்’ என்றே இருக்கும். ‘சொந்த வேலை’ என்று எழுதினால் போதும், அது பொய்யும் ஆகாது. உடன் வந்தவரின் உறவு என்ன என்று கேட்டால் ‘நண்பர்’ என்று எழுதலாம். ‘மனைவி’ என்று எழுதுவதுதான் பின்னால் வம்பு. நோட்டு மேசைமேல் திறந்தே கிடப்பதும், அடுத்து வருபவர் மேல் வரியைப் படித்துவிடுவதும் இங்கே நடப்பதுதான். கையெழுத்திட்டதும் அதை மூடி உள்ளே வைக்கும்படி சொல்ல விருந்தினருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அடையாள அட்டையாக ஆதாரையே கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமமும் வாக்காளர் அட்டையும் கடவுச்சீட்டும் போதும். ஆதாரைத்தான் கொடுப்பதென்றால், எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கிக் கொடுக்கலாம். மேலாளர் தம் சொந்தக் கைபேசியில் அட்டையைப் படமெடுத்துத் தம் வாட்சப்பில் வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் பெரிய ஓட்டை. நகல் எடுத்து, அதன்மீது விடுதியின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுப்பது அதைவிடப் பாதுகாப்பானது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தபோது அது முதன்மையாக அரசை நோக்கியே பேசியது. தனியார் நிறுவனங்கள் கையாளும் தகவலுக்கென 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன.

உடன் தங்குபவர் வெளிநாட்டவர் என்றால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரங்களை விடுதி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் வரும் தமிழருக்கும் இது பொருந்தும். ‘சி’ படிவம் என்று விடுதிக்காரர்கள் சொல்லும் இந்தப் பதிவில் மறைவுக்கு இடமே இல்லை.

வயது விஷயத்திலும் விட்டுக்கொடுப்பு இல்லை. 18 நிறையாதவரின் சம்மதத்தை, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் சம்மதமாகவே கொள்வதில்லை. அதே நேரத்தில் ஆணின் திருமண வயது 21 என்பதை வைத்து 19 வயது இளைஞரைச் சிறுவன் என்று சொல்லவும் முடியாது; இருவரும் மேஜர் என்றால் திருமணம் இல்லாமலும் சேர்ந்து வாழலாம் என்று கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியிருக்கிறது.

இந்த மாவட்டத்தில் விடுதிச் சோதனை அவ்வப்போது நடக்கும். செப்டம்பர் 11 பரமக்குடி இம்மானுவேல் சேகரன் நினைவு நாளையும் அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜையையும் ஒட்டித் தடையாணை பிறப்பிக்கப்படுவது வழக்கம். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கடலோரக் கண்காணிப்பு கூடும். மறைவாகச் சந்திக்க விரும்புவோர் இந்த நாட்களையும், ஊரே நிரம்பி வழியும் ஆடி, தை அமாவாசைகளையும் தவிர்ப்பது நல்லது. சோதனைக்கு வந்தால் பதட்டப்படாமல் அடையாள அட்டையைக் காட்டி, இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்துடன் தங்கியிருக்கிறோம் என்று சொன்னால் போதும். பெற்றோரின் எண்ணைக் கொடு என்று மிரட்டினால் கொடுக்க வேண்டியதில்லை. விபசாரத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஆணையின்றி அறையைச் சோதிக்க வருபவர் அதற்கென நியமிக்கப்பட்ட சிறப்புக் காவல் அலுவலராகவோ ஆள்கடத்தல் தடுப்புக் காவல் அலுவலராகவோ இருக்க வேண்டும். அவருடன் குறைந்தது இரண்டு பெண் காவலர்களும், சாட்சிகளாகக் குறைந்தது இருவரும் வர வேண்டும், அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்; பெண் சாட்சி தவிர மற்றவர் அப்பகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சூரியன் மறைந்தபின் விடியும்வரை, விதிவிலக்கான சூழல் தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அந்த விதிவிலக்கிலும் பெண் காவலர் மூலம், நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.

திருமணமானவர் வேறொருவரைச் சந்திப்பது குறித்து அரைகுறையாகவே பேசப்படுகிறது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கியது. ஆகவே காவல்துறைக்கு அதில் வேலையில்லை. ஆனால் விவாகரத்துக்கு அது இன்றும் ஒரு காரணம்தான். பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்து கணவர் தாக்கல் செய்த வழக்கில், கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்று கூறி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபரில் அந்த ஆவணத்தை ஏற்க மறுத்தது. மறு ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமோ, மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. விடுதிப் பதிவேட்டையும் கேட்டுப் பெற முடியும்: ஒரு கணவர் தங்கிய விடுதியின் ஆவணங்களை வரவழைக்கக் குடும்ப நீதிமன்றம் இட்ட உத்தரவை 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே அண்டை வீட்டார் கண்ணுக்கு மறைவது வேறு. நீதிமன்றத்துக்கு மறைவது இயலாத காரியம்.

கூட்டுக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் கட்டினால் விடுதியின் பெயர் வீட்டுக்கு வந்துவிடும். ரொக்கமாகக் கட்டி ரசீது பெறுவதில் சட்டச் சிக்கல் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் புகை உணரி, மின்செருகி, கடிகாரம், கண்ணாடி ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து படமெடுப்பதற்கு நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு முதல்முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு ஆண்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. படத்தையோ பதிவேட்டுத் தகவலையோ காட்டி வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று பணம் கேட்பவர், விடுதி ஊழியராயினும் காவலராயினும், செய்வது மிரட்டிப் பணம் பறித்தல். அதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. முதல் தொகையைக் கொடுத்தால் இரண்டாவதும் கேட்பார் என்பதால், குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். உறவினர்களால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் இணையர் 112ஐ அழைக்கலாம். இத்தகைய இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு ஏற்படுத்த வேண்டும், பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருப்பதால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அதைக் குறிப்பிட்டே எழுத்து மூலம் பாதுகாப்புக் கோரலாம்.