கால் நடக்கிறது, இதயத்துக்கு என்ன லாபம்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தினமும் காலையில் கோட்டைப் பக்கம் நடக்கிறேன். நடப்பது கால்தானே, இதயத்துக்கு அதில் என்ன லாபம்?"

பதிலை ஜெர்ரி மோரிஸிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை எண்களோடு நிறுவியவர் அவர். 2009-ல் 99 வயதில் மறைந்தார். நம் ஊரில் ஜிம் நடத்துபவர்களுக்குக்கூட அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1953-ல் வெளிவந்தது. டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடி பஸ்ஸில் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. அவர்கள் குண்டாக இருந்ததுதான் காரணமோ? மோரிஸ் யூனிஃபார்ம் தைத்த அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு பெரியதுதான். ஆனால் ஒல்லியானவர்களோடு ஒல்லியானவர்களை, பருமனானவர்களோடு பருமனானவர்களை ஒப்பிட்டாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு.

சரி, படி ஏறினால் உள்ளே என்ன நடக்கிறது? தசை ஆக்சிஜன் கேட்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருகிறது.

ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் இருக்கிறது. அதன் பெயர் எண்டோதீலியம். வெறும் உள்பூச்சு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார். படலம் இருந்த துண்டு தளர்ந்தது. படலத்தைத் தேய்த்து எடுத்த துண்டு தளரவே இல்லை! ஆக, குழாயைத் தளர்த்தும் ஏதோ ஒன்று அந்தப் படலத்திலிருந்துதான் வருகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு, வண்டிப் புகையில் இருக்கும் அதே வாயு. இதற்காக ஃபர்ச்காட்டுக்கும் வேறு இருவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நடையைச் சேர்த்துப் பாருங்கள். வேகமாக ஓடும் ரத்தம் அந்தச் செல்களை உரசி இழுக்கிறது, பாலாற்றில் வெள்ளம் வந்தால் கரையோரப் புல் சாய்வதுபோல. இழுபட்ட செல்லில் ஒரு நொதி விழித்துக்கொண்டு, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. சில நொடிகளே நிலைக்கும் அந்த வாயு, குழாய்ச் சுவரில் பக்கத்திலிருக்கும் தசைச் செல்லுக்குள் புகுந்து அதைத் தளர்த்த, குழாய் விரிகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டுவதையும் அது தடுக்கிறது. இதயம் கூடுதலாக உழைப்பதால் அதன் சொந்தக் குழாய்களிலும் ரத்தம் வேகமெடுக்கிறது. அங்கேயும் இதே வேலை நடக்கிறது. வாசகர் கேட்ட லாபம் இதுதான். தொடர்ந்து நடந்தால் செல்கள் அந்த நொதியையே அதிகம் செய்து வைத்துக்கொள்கின்றன.

பீடி, சிகரெட் புகை இந்தப் படலத்தைத்தான் கெடுக்கிறது. செம்புக் காப்பு போட்டால் பிரஷர் இறங்கும் என்று விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால் மட்டும் நின்றுவிட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள்.

மோரிஸுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பணிப் பதிவேடும் மருத்துவக் குறிப்பும் போதுமாக இருந்தன. வேலூரில் பஸ் டெப்போ இருக்கிறது, சி.எம்.சி.யும் இருக்கிறது. நம் டிரைவர், கண்டக்டர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.