குழாய்த் துணியில் குடியேறும் கூட்டம்

மதுரைத் தெருக்களில் குழாய் வாயில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மண்ணும் துருவும் குடத்தில் விழக்கூடாது என்ற அக்கறை. கட்டும்போது வெள்ளையாக இருந்த துணி, சில நாட்களில் செம்பழுப்பாகிவிடும். அதை அவிழ்த்து இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மண் நறநறக்கும், அதற்கு அடியில் ஒரு வழவழப்பும் தட்டுப்படும். மண்ணும் துருவும் குழாயிலிருந்து வந்தவை. வழவழப்பு அந்தத் துணியிலேயே உண்டானது. பாக்டீரியாக்கள் சேர்ந்து கட்டிய பயோஃபிலிம், அதாவது உயிர்ப்படலம் அது.

துணி நனைந்த சில நிமிடங்களிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. தண்ணீரில் கரைந்துள்ள புரதங்களும் பிற கரிமப் பொருட்களும் நூலிழையின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்த வழியாக மிதந்து வரும் பாக்டீரியா அதில் ஒட்டிப் பார்க்கும். முதலில் பிடிப்பு தளர்வுதான், நீரோட்டம் வேகமாக இருந்தால் கழன்று போய்விடும். நிலைத்துவிட்டால் அதன் போக்கே மாறுகிறது. நீந்த உதவிய வாலைக் கைவிட்டு, உடலைச் சுற்றிக் கோழை போன்ற ஒரு பொருளைச் சுரக்கத் தொடங்கும். நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ, எல்லாவற்றையும் விட அதிகமாகத் தண்ணீர்: இவ்வளவுதான் அந்தக் கோழை. வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டும் வழவழப்பும் இப்படிப்பட்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதான்.

அப்புறம் அது பெருகுகிறது, வேறு இனங்களும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் சிறு வேதிப்பொருள் ஒன்றை வெளியே விட்டபடி இருக்கும். சுற்றிலும் அதன் அளவு கூடினால், கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அறிந்து எல்லாமே ஒன்றாகத் தங்கள் நடவடிக்கையை மாற்றிக்கொள்ளும். படலம் தடிக்கும்போது நடுவே நுண்ணிய வாய்க்கால்கள் உருவாகி, உள்ளே இருப்பவற்றுக்கும் உணவு போய்ச் சேரும். முற்றிய பிறகு சில செல்கள் பிரிந்து, அடுத்த இடம் தேடிக் கிளம்பும்.

இந்தப் படலத்தை அசைப்பது எவ்வளவு கடினம் என்பதை 1680களிலேயே ஒருவர் கவனித்திருக்கிறார். ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், தன் பற்காரையைத் தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்தார். அதில் உயிர்கள் துள்ளின. வினிகரால் பல்லைக் கழுவியபோது காரையின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. இன்றைய மருத்துவத்தின் பெரிய தலைவலியும் இதுதான். கிருமிநாசினி உள்ளே ஊடுருவுமுன் கோழையோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடியாழத்தில் ஆக்சிஜன் குறைவு, அங்கே பல செல்கள் வளராமல் உறங்கிக் கிடக்கும். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் வளரும் செல்லைத்தான் தாக்கும். மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப் போல 1,000 மடங்கு மருந்துக்குக்கூடச் சில படலங்கள் தாக்குப்பிடிக்கின்றன. சிறுநீர் வெளியேற உடலில் செருகும் குழாய், செயற்கை மூட்டு, கான்டாக்ட் லென்ஸ் வைக்கும் டப்பா என்று எதில் படலம் கட்டினாலும் மருந்து மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

ஆகவே படலம் கட்டுமுன் முந்திக்கொள்வதே புத்திசாலித்தனம். மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் இதற்கு நல்ல சான்று தந்திருக்கிறார்கள். கண்புரை அறுவை முடிந்ததுமே கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். 20 லட்சம் அறுவைகளை அலசியதில், கண்ணின் உட்பகுதியில் வரும் கடும் தொற்று 10,000-க்கு ஏறத்தாழ 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. அறுவையில் கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸில் பாக்டீரியா ஒட்டி வேர்விட அவகாசமே கொடுக்காத வைத்தியம் அது.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்குதான். சுவரைத் தேய்க்காமல் பிளீச்சிங் பவுடரை மட்டும் கரைத்து ஊற்றுகிறவர்கள் நிறைய. அதிலுள்ள குளோரின், சுவரில் படிந்த படலத்தின் மேல் அடுக்கோடு செலவாகிவிடும். முதலில் நீரை வடித்து, தேய்த்து, கழுவிவிட வேண்டும். சரி, அப்புறம்தான் குளோரின். விட்டு விட்டு விடப்படும் குழாய்த் தண்ணீரில், குழாய்க்குள் படிந்த படலம் முதல் பாய்ச்சலில் பெயர்ந்து வரும். கலங்கலான அந்த முதல் தண்ணீரைக் குடிப்பதற்குச் சேர்த்து வைக்காமல் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

துணி கட்டுவதையே தப்பு என்று சொல்லிவிடக் கூடாது. காலரா கிருமி, குளத்து நீரில் நீந்தும் கண்ணுக்கு எளிதில் எட்டாத சிறு உயிரிகளின் ஓட்டில் படலமாக ஒட்டி வாழும். வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நான்காகவோ எட்டாகவோ மடித்து நீரை வடிகட்டியபோது, காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2003-ல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் எழுதினார்கள். கிருமி துணியில் நுழைந்துவிடும் அளவுக்குச் சிறியது, அது ஏறி வந்த உயிரி நுழையாது. ஆனால் அந்தச் சேலையை அலசி வெயிலில் காயப்போட்டார்கள். நம் ஊர்க் குழாய்த் துணி காய்வதே இல்லை. தினமும் அவிழ்த்து, சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, அடுத்த துணியைக் கட்டுங்கள். படலத்துக்கு ஈரம்தான் உயிர்.

இதே படலம் நமக்குச் சோறு போடுகிறது, தண்ணீரும் தருகிறது. பயிரின் வேரில் ஒட்டிய படலம் மண்ணின் சத்தை வேருக்குச் சேர்க்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று தீர்ப்பதும் பாக்டீரியாக் கூட்டம்தான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வைகை மணல். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய படலம் உண்டு. நீர் மெதுவாகக் கசிந்து இறங்கும்போது, அதிலுள்ள கரிமக் கழிவைத் தின்று, கிருமிகளைப் பிடித்து வைக்கிறது. லண்டனில் 1829-ல் பொறியாளர் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த மணல் வடிகட்டி நீரைச் சுத்தம் செய்ததும் இந்த முறையில்தான். இங்கே ஆறே தன் படுகையில் அந்த வடிகட்டியை வைத்திருந்தது. மணலை அள்ளும்போது படலமும் சேர்ந்தே போகிறது. மனிதர் அமைக்கும் வடிகட்டியில் புது மணல் போட்டால் படலம் முற்றச் சில நாள் முதல் சில வாரம் வரை பிடிக்கும். அதுவரை வடிந்து வரும் நீரை யாருக்கும் குடிக்கக் கொடுக்கமாட்டார்கள்.