அஞ்சல் தலை அசல் என்பதால் உறையும் அசலாகிவிடாது

கடந்த வாரமும் ஒரு காந்தி உறை சோதனைக்கு வந்தது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கு காந்தி அஞ்சல் தலைகளும் ஒட்டிய முதல் நாள் உறை (தலை வெளியான நாளிலேயே அஞ்சல் முத்திரை இடப்பட்ட உறை) என்று சொல்லி, ஓய்வுபெற்ற ஒருவரிடம் அதை விற்றிருக்கிறார்கள். 1½ அணா, 3½ அணா, 12 அணாத் தலைகள் மூன்றும் அன்றே முத்திரை வாங்கியவை. விலையை ஏற்றிய 10 ரூபாய்த் தலை பின்னாளில் ஒட்டப்பட்டது.

“தலை அசல்தானே, உறையும் பழையதுதானே?” என்று அவர் கேட்டார். இதே கேள்வியை இன்னும் எத்தனை பேர் கேட்பார்களோ! சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சான தலைதான் அது, உறையும் அக்காலத்ததுதான். ஆனால், அந்தத் தலை அந்த நாளில் அந்த உறையோடு அஞ்சலகத்தைக் கடந்தது என்ற செய்திக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அதற்குச் சாட்சி முத்திரை மட்டுமே. மோசடி செய்பவர் இதை நன்கு அறிந்திருப்பதால்தான், அசல் தலையையும் பழைய உறையையும் தேடிப்பிடித்துவிட்டு முத்திரையில் மட்டும் கைவைக்கிறார். புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று ஒளிர்ந்தால், அது பிற்காலத் தாளோ என்று சந்தேகப்படுங்கள். ஒளிராவிட்டால் தாள் பழையதாக இருக்கலாமே தவிர, முத்திரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தலையின் பற்கள் (ஓரத்திலுள்ள துளை வெட்டுகள்) உறையைத் தொடும் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒட்டிய தலையின் மீது உலோக முத்திரை விழும்போது, தாளின் கனத்தால் அந்த விளிம்பில் கோடு சற்றே விட்டுப்போவதுண்டு. பற்களுக்கிடையே தெரியும் உறைத்தாளிலும் மை பட்டிருக்கும். இந்த உறையிலோ பற்களின் இடைவெளி சுத்தமாக இருந்தது. தலைக்கு வெளியே வளைவைப் பேனாவால் நீட்டியிருந்தார்கள். கருப்புக் கோட்டுக்குள் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிந்தால், அது கணினி அச்சுப்பொறியின் வேலை.

முத்திரையை நகலெடுப்பது புதிய தொழிலன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் மேடம் ஜோசப் என்ற பெயரோடு சேர்த்து அறியப்பட்ட போலி முத்திரைகள் பிரிட்டிஷ் காலனித் தலைகள் பலவற்றில் இன்றும் தென்படுகின்றன. ஒரே ஊர், ஒரே தேதி, வெவ்வேறு தலைகளில் திரும்பத் திரும்ப வந்தால் விழித்துக்கொள்ளுங்கள்.

ஏலப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். உறையின் பின்புறத்தையும் காட்டச் சொல்லுங்கள். சேருமிட முத்திரையின் தேதி முன்புறத் தேதியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சோதனைக்குப் பிறகே முழுத் தொகை என்று எழுதி வாங்குங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். 1911 பிப்ரவரி 18 அன்று விமானி ஆன்ரி பெக்கே உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சலோடு அலகாபாத்திலிருந்து நைனிக்குப் பறந்தபோது ஏறத்தாழ 6,500 அஞ்சல்கள் உடன் சென்றன. அத்தகைய அரிய பொருளுக்கும் அசல் உண்டு, காத்திருந்தால் கிடைக்கும்.

ஏமாந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: போட்ட பணத்தை மீட்பதற்காக அந்த உறையை இன்னொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டால், பின்புறத்தில் ‘10 ரூபாய்த் தலை பின்னர் சேர்க்கப்பட்டது’ என்று எழுதி வையுங்கள்.